மூணுன்னா என்ன சார்?

துணைத் தலைமை ஆசிரியராகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டு, 32 ஆசிரியர்களை மதிப்பிடும் வேலை என் மேசைக்கு வந்தது. கல்வியாண்டு முடிய இரண்டே வாரம் இருந்தது. ஒவ்வொருவர் வகுப்பிலும் இருபது நிமிடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாடத் தயாரிப்பு, வகுப்பைக் கட்டுக்குள் வைத்திருத்தல், கரும்பலகைப் பயன்பாடு, நேரந்தவறாமை என்று படிவத்தில் 12 தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். கை தானாகவே நான்கு, நான்கு என்று போட்டுக்கொண்டே போனது. ஆசிரியராக இருந்த 14 ஆண்டுகளும் எனக்கும் நான்குதான் போட்டிருந்தார்கள். குறிப்புரைக் கட்டத்தில் 'நன்று. தொடர்க.' எதைத் தொடர வேண்டும் என்று நானும் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரே ஒருவருக்குத்தான் மூன்று போட்டேன். கணித ஆசிரியை. வகுப்பு கொஞ்சம் மந்தமாக இருந்ததாக எனக்குப் பட்டது, அவ்வளவுதான். மறுநாள் என் அறைக்கு வந்தார். முகத்தில் கோபம் இல்லை. படிவத்தை மேசைமேல் வைத்து, "மூணுன்னா என்ன சார்? நாலாகணும்னா திங்கட்கிழமை வகுப்புல நான் எதை மாத்தணும்?" என்று கேட்டார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம் உற்சாகமா நடத்துங்க டீச்சர்" என்று ஏதோ உளறினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். உண்மையில் அன்றைக்கு மூன்று மதிப்பெண் வாங்க வேண்டியவன் நான்தான்.

இது ஊரெல்லாம் உள்ள நோய் என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. அமெரிக்காவில் 'தி நியூ டீச்சர் ப்ராஜெக்ட்' என்ற அமைப்பு 2009இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 'திருப்தி', 'திருப்தி இல்லை' என்று இரண்டே நிலைகள் வைத்திருந்த இடங்களில் 99 சதவீதத்துக்கும் அதிகமான ஆசிரியர்கள் 'திருப்தி' பெற்றிருந்தார்கள். எல்லோரும் திருப்திகரமானவர்கள் என்றால் யாருக்கு எதில் உதவி வேண்டும் என்று எப்படித் தெரியும்? யார் மிக நன்றாகச் செய்கிறார்கள், யாரைப் பார்த்து மற்றவர்கள் கற்கலாம் என்பதும் தெரியாது. எங்கள் 32 படிவங்களும் அப்படித்தான் அலமாரியில் கிடந்தன.

அடுத்த ஆண்டு நான் செய்தது இன்னும் பெரிய முட்டாள்தனம். படிவம் போதாது என்று முடிவுகட்டி, அங்கிங்கிருந்து திரட்டி 60 வரிகளில் புதிய படிவம் தயாரித்தேன். 'உயர்நிலைச் சிந்தனை வினாக்கள் எழுப்பப்பட்டனவா', 'மாணவர் பங்கேற்பு போதிய அளவில் உள்ளதா' என்ற ரகத்தில். வகுப்பில் உட்கார்ந்தால் கண் முழுக்கத் தாளில்தான் இருந்தது. நாற்பதாவது வரிக்கு டிக் போட்டு நிமிர்ந்தால் பாடமே முடிந்திருக்கும். ஆசிரியர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 60 வரிகளையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு, நான் வரும் நாளுக்கென்று ஒரு பாடம் தயார் செய்தார்கள். வண்ண அட்டைகள், குழு வேலை, கடைசியில் ஒரு விளையாட்டு. ஒரு வகுப்பிலிருந்து வெளியே வரும்போது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வாசல்வரை ஓடி வந்தான். "சார், நாளைக்கும் வருவீங்களா? நீங்க வந்தாத்தான் எங்க மிஸ் அந்த அட்டையெல்லாம் எடுப்பாங்க."

அன்று மாலை அந்தப் படிவத்தைத் தூக்கிப் போட்டேன். இதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் அந்தப் பையன் சொன்னதிலிருந்து தொடங்கியது என்றுகூடச் சொல்லலாம்.

அடுத்து ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தோடு போனேன். இடது ஓரத்தில் நேரம். வலது பக்கம் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும். 'நன்றாக இருந்தது', 'மந்தமாக இருந்தது' போன்ற சொற்களுக்கு நானே தடை போட்டுக்கொண்டேன். கேட்டது என்ன, பதில் சொன்னது யார், எந்த வரிசை, ஆசிரியர் எங்கே நின்றார், கரும்பலகையில் எழுதியதை எத்தனை பேர் எழுதிக்கொண்டார்கள். இவ்வளவுதான். முதல் சில நாள் கை வலித்தது. தீர்ப்புச் சொற்கள் பேனா முனையில் வந்து முட்டிக்கொண்டே இருந்தன. 'மாணவர்கள் கவனிக்கவில்லை' என்று எழுதிவிடுவேன். பிறகு அடித்துவிட்டு, 'ஜன்னலோர மூவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. பத்து நிமிடம்' என்று மாற்றுவேன். முதல் வாக்கியத்தோடு சண்டை போடலாம். இரண்டாவதோடு சண்டை போட ஒன்றுமில்லை. உட்கார்ந்து பேசத்தான் முடியும்.

புது முறையில் முதலில் போனது அந்தக் கணித ஆசிரியையின் வகுப்புக்குத்தான். அவரிடம் முன்கூட்டியே கேட்டேன்: "நான் எதைப் பார்க்கணும்னு நீங்களே சொல்லுங்க டீச்சர்." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பின்னாடி இருக்கற பசங்க பாடத்துல இருக்காங்களான்னு பாருங்க சார்" என்றார். போனேன். 25 நிமிடத்தில் 17 கேள்விகள் கேட்டார். 11 கேள்விகளுக்கு முன் பெஞ்சில் இருந்த அதே நான்கு பேர் பதில் சொன்னார்கள். நான்கு கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லிவிட்டார். பின்பாதியிலிருந்து வந்த பதில்கள் மொத்தம் இரண்டு.

நோட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. விரலால் ஒவ்வொரு வரியாகப் படித்தார். "எல்லாரும் பதில் சொல்றாங்கன்னுதான் சார் நினைச்சிட்டிருந்தேன்" என்றார். பிறகு அவரே, "நான் நேரமே குடுக்கலையோ?" என்று கேட்டார்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் இதைத்தான் அளந்து பார்த்தார். நூற்றுக்கணக்கான வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு, கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் எழுதினார். மூன்று விநாடி காத்திருந்தால் பதில்கள் நீளும், கேட்காமலே பேசும் பிள்ளைகள் கூடுவார்கள், 'தெரியாது' என்பது குறையும் என்பது அவர் கண்டது. மூன்று விநாடி சொல்வதற்குச் சுலபம். நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்றுகொண்டு மூன்று விநாடி வாயை மூடிக்கொண்டிருந்து பாருங்கள், அது ஒரு யுகம். டீச்சர் மேசைக்கடியில் விரல் மடித்து எண்ணிப் பழகினார். அடுத்த ஆறு வாரம் அவர் வேலை செய்தது இந்த ஒன்றில் மட்டும்தான். நடுவில் ஒருநாள் வந்து, "பாடம் முடிய மாட்டேங்குது சார், போர்ஷன் பின்தங்குது" என்று அலுத்துக்கொண்டார். உண்மைதான், பின்தங்கியது. இரண்டு அத்தியாயங்களின் பயிற்சிக் கணக்குகளைக் குறைத்துக்கொள்ளலாம் என்று தலைமை ஆசிரியரிடம் நான்தான் போய்ப் பேச வேண்டியிருந்தது. ஒருவரை ஒன்றை மாற்றச் சொன்னால், அதனால் வரும் இழப்பில் நிர்வாகமும் பங்கெடுக்க வேண்டும். பயிற்சிகளில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

திரும்பப் போய்ப் பார்த்தபோது 12 கேள்விகள். பதில் சொன்னவர்கள் ஒன்பது பேர்.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தினால் நான் பெரிய கெட்டிக்காரன் போலத் தெரியும். அடுத்து நடந்ததையும் சொல்கிறேன்.

இந்த முறை நன்றாக நடக்கிறது என்ற பூரிப்பில், ஆசிரியர் கூட்டத்தில் ஒரு வகுப்பின் குறிப்புகளை எடுத்துக் காட்டாக வாசித்தேன். பெயர் சொல்லவில்லை. 'ஒரு வகுப்பில் ஆசிரியர் 22 நிமிடம் தொடர்ந்து பேசினார், அதற்குள் ஐந்து பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்' என்றேன். சிரிப்பு எழுந்தது. மூன்றாவது வரிசையில் சமூக அறிவியல் ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் குனிந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த வாரம் நான் போன வகுப்புகளிலெல்லாம் மறுபடியும் வண்ண அட்டைகள் வந்துவிட்டன. அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். பிறகு அதே கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் கேட்டேன். "பரவாயில்ல சார்" என்றார். ஆனால் அந்த ஆண்டு முழுக்க அவர் தன் வகுப்பில் தனக்கு எது கஷ்டமாக இருக்கிறது என்று ஒருமுறைகூட என்னிடம் சொல்லவில்லை. "எல்லாம் நல்லாப் போகுது சார்." அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் ஒன்றை உட்கார்ந்து யோசித்தேன். ஆண்டிறுதி அறிக்கை எழுதுகிறவனும் நான். அதை வைத்துத்தான் ஊதிய உயர்வும் பதவி உயர்வும் நகர்கின்றன. குறையைச் சொல்லுங்கள், உதவுகிறேன் என்று வந்து நிற்கிறவனும் நானே. நீதிபதியிடம் யார் வாக்குமூலம் கொடுப்பார்கள்?

இரண்டையும் முழுக்கப் பிரிக்க எங்களால் முடியவில்லை. ஆள் இல்லை. முடிந்த அளவு செய்தோம். வகுப்புக் குறிப்பு எழுதிய தாள் அந்த ஆசிரியருடையது. பேசி முடித்ததும் கிழித்து அவரிடமே கொடுத்துவிடுவேன், நகல் வைத்துக்கொள்வதில்லை. ஆண்டிறுதி அறிக்கைக்கென்று தனியாக, முன்கூட்டித் தேதி சொல்லி, இரண்டு வகுப்புகளைத் தலைமை ஆசிரியர் பார்ப்பார். உதவிக்காக நான் பார்த்தது எதுவும் அதற்குள் போகாது. விதிவிலக்கு ஒன்று உண்டு, அதை ஆண்டுத் தொடக்கத்திலேயே வாய்விட்டுச் சொன்னோம்: பிள்ளைகளின் பாதுகாப்பு தொடர்பான எதையாவது கண்டால் மறைக்க மாட்டேன். இதைச் சொன்னபோது யாரும் முணுமுணுக்கவில்லை. கோடு எங்கே என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடுகிறது.

மீதிப் பயம் போனதற்கு வேறு காரணம். எனக்கும் வாரத்துக்கு ஆறு பாடவேளைகள் உண்டு, ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு. என் வகுப்பை வந்து பாருங்கள் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டேன். ஒரு வாரம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு கணித ஆசிரியை வந்தார். நோட்டைக் கொடுத்தேன். அவர் எழுதியதை இன்னும் வைத்திருக்கிறேன். '9.47: கேள்வி. உடனே தானே பதில். 9.49: கேள்வி. தானே பதில். 9.52: கேள்வி. பையன் கை தூக்குகிறான். சார் பார்க்கவில்லை.' ஸ்டாஃப் ரூமில் அந்தத் தாள் இரண்டு நாள் கைமாறியது. நான்தான் கொடுத்தேன். மூன்றாம் நாள் சமூக அறிவியல் ஆசிரியர் வந்து, "என் வகுப்புக்கு வாங்க சார், எட்டாம் வகுப்பு. கடைசிப் பாடவேளை என்னால முடியல" என்றார்.

பார்த்துவிட்டுப் பேசுவதைப் பற்றிக் கொஞ்சம். என் அனுபவத்தில் எல்லாம் இங்கேதான் உருப்படுகிறது அல்லது கெடுகிறது. இரண்டு நாளுக்குள் பேசிவிட வேண்டும். தள்ளிப்போனால் இருவருக்குமே வகுப்பு மறந்து, குற்றமும் சாக்கும்தான் மிஞ்சும். ஆசிரியரின் இடத்தில், அவர் வகுப்பறையிலேயே உட்கார்ந்து பேசுவது நல்லது. என் அறைக்கு வரச் சொன்னால் விசாரணைக்கு வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்காருகிறார்கள். அவர்தான் முதலில் பேச வேண்டும். அவர் பேசி முடித்ததும் நானும் அந்த மூன்று விநாடி சும்மா இருக்க வேண்டும். கடைசியில் மாற்றுவதற்கு ஒரே ஒன்று. நான் ஆரம்பத்தில் ஐந்தாறு யோசனைகளை அள்ளிக் கொட்டுவேன். அவர்களும் பணிவோடு குறித்துக்கொண்டு போவார்கள். ஒன்றும் நடக்காது.

பாராட்டு விஷயத்திலும் சறுக்கியிருக்கிறேன். 'நீங்க பிறவி ஆசிரியர் சார்' என்று ஒருவரிடம் சொன்னேன், மனதாரத்தான். அடுத்த முறை அவர் தனக்கு நன்றாக வரும் பாடத்தை மட்டுமே காட்டினார். பட்டத்தை இழக்க யாருக்கு மனம் வரும்? க்ளூகர், டெனிசி என்ற இரு உளவியலாளர்கள் பின்னூட்டம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் எழுதிய கட்டுரையில் எனக்குத் தூக்கிவாரிப்போட்ட ஒரு தகவல் இருந்தது. பின்னூட்டம் சராசரியாகப் பயன் தருகிறது, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் அது செயல்திறனைக் குறைத்திருக்கிறது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்ட ஆள்' என்பதை நோக்கிப் போகப் போக அதன் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இப்போதெல்லாம் 'இரண்டாவது உதாரணத்தைப் பாதியில் நிறுத்தி அவங்களையே முடிக்கச் சொன்னீங்க இல்லையா, அப்போ ஏழு பேர் எழுத ஆரம்பிச்சாங்க' என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

மதிப்பெண்ணும் குறிப்பும் ஒரே தாளில் இருக்கக் கூடாது என்பதிலும் இப்போது பிடிவாதமாக இருக்கிறேன். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு கல்வி வட்டத்தில் பலருக்குத் தெரியும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண் மட்டும் பெற்றவர்களும், மதிப்பெண்ணோடு குறிப்பும் பெற்றவர்களும் அப்படி முன்னேறவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்த கண் குறிப்புக்குப் போகவில்லை. பிள்ளைகள் விஷயத்தில் இதைப் பயிற்சிகளில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, நமக்கு என்று வரும்போது ஐந்துக்கு நான்கு போட்டுக்கொள்கிறோம்.

மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை எடைபோடலாமே என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் ஆண்டுதோறும் கேட்பார். அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014இல் வெளியிட்ட அறிக்கையைத்தான் அவருக்குக் காட்டுவேன். மாணவர் மதிப்பெண்களில் காணப்படும் வேறுபாட்டில் ஆசிரியரால் வருவது 1 முதல் 14 சதவீதம்வரைதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அதில் இருக்கிறது. ஆசிரியரால் ஒன்றுமில்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. ஒரு வகுப்பின் ஓராண்டு மதிப்பெண்ணை வைத்து ஒருவரின் திறமையைப் படிக்க முடியாது, அவ்வளவுதான். மேலே போகலாம்.

மாணவர்களிடம் கேட்பது அதைவிடப் பயனுள்ளதாக இருந்தது. ஆனால் என்ன கேட்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. 'உங்கள் ஆசிரியரைப் பிடிக்குமா' என்றால் அது வாக்கெடுப்பு. நாங்கள் கேட்டது ஐந்து கேள்விகள். புரியவில்லை என்றால் கேட்கத் தைரியம் வருகிறதா, தப்பாகச் செய்ததைத் திருத்த வாய்ப்புக் கிடைக்கிறதா, அந்த மாதிரி. பெயர் எழுத வேண்டாம். தாள்கள் நேராக ஆசிரியருக்கே போகும், வேறு யாரும் பார்ப்பதில்லை. ஒரு ஆசிரியை தானாகவே வந்து ஒரு தாளைக் காட்டினார். 'மிஸ்ஸுக்கு என் பேர் தெரியாது' என்று மட்டும் எழுதியிருந்தது. அது நவம்பர் மாதம். "ஆறு மாசமாச்சு சார்" என்றார், குரல் கம்மியது. எந்தப் படிவத்தில் நான் இதை எழுதியிருப்பேன்?

இனி பயிற்சி. இங்கே வந்து சேர எங்களுக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. முன்பெல்லாம் ஆண்டுக்கு இரண்டு நாள் பெரிய ஹாலில் 32 பேரும் உட்காருவோம். வெளியிலிருந்து ஒருவர் வந்து ஸ்லைடு போடுவார். அந்த ஆண்டு எது பேச்சில் அடிபடுகிறதோ அதுதான் தலைப்பு. கிண்டர்கார்டன் ஆசிரியையும் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் ஆசிரியரும் ஒரே ஸ்லைடைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் விடைத்தாள் திருத்துவார். அது நான்தான், ஒரு காலத்தில்.

மூன்றாம் ஆண்டு, பார்த்த வகுப்புகளில் திரும்பத் திரும்பத் தட்டுப்பட்டது என்ன என்று மட்டும், யார் என்பதை விட்டுவிட்டு, ஒரு பக்கத்தில் எழுதினேன். பாடம் மணியடிக்கும்போது முடிகிறது, யாருக்கு என்ன புரிந்தது என்று பார்க்க நேரமே இருப்பதில்லை. பெரும்பாலான வகுப்புகளில் இதுதான். சரி, இந்த ஆண்டு இது ஒன்றுதான் என்று முடிவு செய்தோம். பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கேள்வி, ஒரு துண்டுத் தாள், வாசலில் வாங்கிக்கொள்வது. 45 நிமிடக் கூட்டம் மூன்று. முதல் கூட்டத்தில் கேள்விகளைச் சேர்ந்து எழுதினோம். மூன்று வாரம் வகுப்பில் செய்து பார்த்துவிட்டுத் துண்டுத் தாள்களோடு இரண்டாம் கூட்டத்துக்கு வந்தார்கள். அங்கே நடந்த பேச்சில் இருந்த சூடு ஹாலில் நான் ஒருநாளும் கண்டதில்லை. "என் கேள்வியே தப்பு, அதான் எல்லாரும் சரியா எழுதியிருக்காங்க" என்று வேதியியல் ஆசிரியர் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

பிறகு ஜோடி சேர்த்தல். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓர் ஆய்வு நடந்தது. மதிப்பீட்டில் ஒரு குறிப்பிட்ட திறனில் குறைவாக வந்த ஆசிரியரையும், அதே திறனில் நன்றாக வந்த அதே பள்ளி ஆசிரியரையும் ஜோடி சேர்த்து, ஓராண்டு சேர்ந்து வேலை செய்யச் சொன்னார்கள். குறைவாக வந்தவர்களின் மாணவர்கள் தேர்வில் முன்னேறினார்கள், அந்த முன்னேற்றம் அடுத்த ஆண்டும் கரைந்துபோகவில்லை. வெளியிலிருந்து யாரையும் கூட்டி வரவில்லை, மதிப்பீட்டை அடுக்கி வைக்காமல் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான். எங்கள் பள்ளியில் 28 ஆண்டு அனுபவமுள்ள இயற்பியல் ஆசிரியருக்குக் குழு வேலை நடத்த வராது. அவரே சொன்னதுதான். அது நன்றாக வந்தவர் பணியில் சேர்ந்து மூன்றே ஆண்டான உயிரியல் ஆசிரியை. "என் பொண்ணைவிடச் சின்னவங்க சார்" என்று முனகினார். அந்தப் பெண்ணுக்கோ, பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று நடுக்கம். என்ன செய்வது என்று யோசித்து, பதிலுக்கு அவரிடம் ஒன்றைக் கற்றுக்கொள்ளச் சொன்னேன். கரும்பலகையில் அவர் படிப்படியாக ஒரு நிரூபணத்தைக் கட்டும் அழகு ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரிந்தது. கொடுக்கல் வாங்கல் ஆனதும் இருவருக்கும் கூச்சம் போய்விட்டது. இப்போது இடைவேளையில் இருவரும் ஏதாவது வாதாடிக்கொண்டே இருக்கிறார்கள். ஜோடி சேர்க்கும்போது ஒருவர் குரு, ஒருவர் சிஷ்யர் என்று வைக்காமல் இருவர் கையிலும் ஏதாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, நேரம் எங்கே கிடைக்கும்? எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். 20 நிமிடம் பார்க்க, 20 நிமிடம் பேச, முன்பின் தயாரிப்பு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு மணி நேரம். 32 பேருக்கு ஆண்டுக்கு நான்கு முறை என்றால் 128 மணி நேரம். தனி ஆளாக என்னால் முடியாது. பாடத் தலைவர்கள் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டேன். அவர்களைத் தயார் செய்ய ஒரு வகுப்பின் காணொளியை ஆறு பேரும் பார்த்துப் பழைய படிவத்தில் மதிப்பெண் போட்டோம். ஒரே பாடம், ஒரே ஆசிரியர். இரண்டிலிருந்து ஐந்துவரை மதிப்பெண்கள் வந்தன! என் கணித ஆசிரியையின் 'மூன்று' எவ்வளவு கெட்டி என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சுமார் 3,000 ஆசிரியர்களை வைத்து கேட்ஸ் அறக்கட்டளை நடத்திய ஆய்விலும், ஒரே ஆள் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட வேறொருவரும் பார்ப்பதுதான் மதிப்பீட்டின் நம்பகத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்தது. அதே அறக்கட்டளை, மதிப்பீட்டைப் பணியமர்த்தல், பதவி உயர்வு, ஊதியம் எல்லாவற்றோடும் இணைத்துப் பெரிய திட்டம் ஒன்றை நடத்தியது. ரேண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2018இல் அதை ஆராய்ந்தபோது, மாணவர் கற்றலில் எதிர்பார்த்த முன்னேற்றம் வரவில்லை என்றது. இன்னொரு பக்கம், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பெரும்பாலும் அனுபவமிக்க சக ஆசிரியர்களே வந்து ஆண்டில் நான்கு முறை விரிவாகப் பார்த்து மதிப்பிட்ட முறையைப் பற்றி எரிக் டெய்லர், ஜான் டைலர் என்ற ஆய்வாளர்கள் 2012இல் எழுதினார்கள். மதிப்பிடப்பட்ட நடுத்தர அனுபவ ஆசிரியர்களின் மாணவர்கள் கணிதத்தில் முன்னேறினார்கள், அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் இன்னும் அதிகமாக. வாசிப்பில் அப்படி மாற்றமில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பட்டது, அளவுகோலைவிட, பார்க்க வருகிறவர் பாடம் நடத்தியவரா, திரும்ப வருவாரா என்பதுதான் முக்கியம் என்று. இது என் கணிப்பு. வேறு விதமாகவும் படிக்கலாம்.

எல்லோரிடமும் இது பலித்தது என்று சொல்ல மாட்டேன். ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருந்த ஒருவர், நான் தாளைக் கிழித்துக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் மரியாதையாக வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். வகுப்பில் ஒன்றும் மாறியதில்லை. வேறென்ன செய்திருக்கலாம் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. தன்மதிப்பீட்டுத் தாள்களும் தோல்விதான். முதல் ஆண்டு 32 பேரில் பாதிப் பேர் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதியிருந்தார்கள். இப்போது ஒரே கேள்வியாகச் சுருக்கிவிட்டோம்: 'இந்த மாதம் எந்தப் பாடவேளை முடிந்ததும் உங்களுக்கே திருப்தியில்லை? ஏன்?' இதைப் பார்த்து எழுத முடியாது.

பழைய 12 தலைப்புப் படிவமும் இருக்கிறது. அதை ஒழிக்கும் அதிகாரம் எனக்கில்லை. ஆண்டிறுதியில் தலைமை ஆசிரியர் நிரப்புகிறார், நான்குகள்தான் அதிகம்.

அடுத்த வாரம் புதிய கால அட்டவணை போடுகிறோம். வகுப்பு பார்க்கப் போகும் பாடவேளைகளையும், ஜோடிகள் சேர்ந்து உட்காரும் நேரத்தையும் முதலில் கட்டம் போட்டு எழுதிவிட்டு, அப்புறம்தான் மற்றவற்றை நிரப்பப் போகிறேன். போன ஆண்டு கடைசியில் எழுதினேன். ஆகஸ்டு வருவதற்குள் அதில் பாதி, விடுப்பில் போனவர்களுக்குப் பதில் வகுப்பு எடுப்பதிலேயே போய்விட்டது.